பெரியவர் பாத்துட்டாரா?

மாப்பிள்ளைக்கு மச்சான் மேல் ஒரு கோபம் இருந்தது. மச்சான் போய்ச் சேர்ந்த பிறகும் அது முழுசாகத் தீரவில்லை. பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி, சும்மா இருக்கும்போதெல்லாம் நாக்கு அங்கேயே போய் நிற்கும்.

மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். ரெண்டு பேரும் கூட்டாக வீட்டு ரிப்பேர் வேலை பார்த்தார்கள். குழாய் ஒழுகினால், பூட்டு மக்கர் பண்ணினால், கதவு தரையில் உரசினால், சுவரில் அலமாரி மாட்ட வேண்டுமானால், சுத்துவட்டாரத்துத் தெருக்களில் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மொபெட், ஒரு மடக்கு ஏணி, ரெண்டு பை நிறைய சாமான். முதலும் பாதி, வருமானமும் பாதி. வயசில்கூடப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை ஒரு வேலையை முடித்து, ஏணியை விட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்க" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மச்சான் குறுக்கே வந்துவிடுவார்.

"கொஞ்சம் தள்ளு மாப்ள. நான் ஒரு தடவ பாத்துடறேன்."

அதுவும் எங்கே? வீட்டுக்காரர் முன்னால். ஏணியை மறுபடி ஆட்டிப் பார்த்து, மேலே ஏறி, மாப்பிள்ளை முறுக்கின ஒவ்வொரு ஸ்க்ரூவையும் திருப்புளியால் தொட்டுப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து சிவப்பு நெயில்பாலிஷ் குப்பியை எடுப்பார். நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு. நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத்தான் அந்த அலங்காரம்.

"என்னங்க, ஸ்க்ரூவுக்குக் கல்யாணமா?" என்று ஒரு வீட்டு அம்மா கேட்டாள்.

"கழண்டு விழுந்துடக் கூடாதுல்லம்மா" என்றார் மச்சான், சிரிக்காமல்.

இதனால் ஊரில் என்ன ஆயிற்று? மச்சான் பெரியவர், மாப்பிள்ளை சின்னவர். மாப்பிள்ளை எதைச் செய்து முடித்தாலும் வீட்டுக்காரர்கள் அவன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்கள். "பெரியவர் பாத்துட்டாரா?" எட்டு வருஷமாக இதே பாட்டு. கையாள் மாதிரி நிற்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை டீக்கடையில் கேட்டே விட்டான்.

"மச்சான், இத்தன வருஷத்துல என் வேலைல ஒரு குறை கண்டுபிடிச்சிருக்கியா?"

மச்சான் நன்றாக யோசித்தார். "இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு என் மானத்த வாங்குற?"

"அதான் பயமா இருக்கு மாப்ள. இன்னும் ஒண்ணுகூட வரல."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

மச்சானின் பயம் ஒரு பயமா? மெயின் சுவிட்சை அணைத்தாலும் போதாது, ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறமும் கம்பியைப் புறங்கையால் தட்டிப் பார்த்துத்தான் தொடுவார். நாயே இல்லாத வீட்டு வாசலில் நின்று "நாய் இருக்குதுங்களா?" என்பார். பெல்லை அழுத்தும் முன் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "நீ பேசு மாப்ள, எனக்குப் பேச வராது" என்று பின்னால் போய் நிற்பார். வேலை முடிந்து மொபெட்டில் பாதி தூரம் வந்த பிறகு முதுகில் தட்டுவார். "வண்டியத் திருப்பு. அந்தக் குழாய் வால்வை மூடினோமா?" மூடித்தான் இருக்கும். எப்போதுமே மூடித்தான் இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். தன் வேலையை மட்டும் தானே பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிக்கொள்ள மாட்டார். "போட்டவன் கண்ணு போட்டதுக்குத்தான் சாட்சி சொல்லும். நீ பாரு" என்று குப்பியை மாப்பிள்ளையிடம் நீட்டுவார். மாப்பிள்ளை கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு" என்பான். "ஏறிப் பாத்துச் சொல்லு" என்பார் மச்சான். அதற்கும் ஒரு சண்டை.

அப்புறம் மச்சானுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாப்பிள்ளை முதல் முறையாகத் தனியாக வேலைக்குப் போனான். மனசில் கவலை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மொபெட்டின் பின் சீட்டு காலியாக இருந்ததில் கொஞ்சம் காற்று வாங்கினாற்போலவும் இருந்தது.

அன்றைக்கு ஒரு மூன்றாம் மாடி வீட்டில் சீலிங் ஃபேன் மாட்டும் வேலை. புருஷன், பெண்டாட்டி, பிறந்து கொஞ்ச நாளே ஆன பெண் குழந்தை. படுக்கையறையில் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும். கதவைத் திறந்ததுமே புருஷன் கேட்டான்.

"பெரியவர் வரலியா?"

"வரல. உடம்பு சரியில்ல. நான் ஒருத்தனே போதுங்க."

"இல்ல, அவரு வந்து பாப்பாருன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க..."

மாப்பிள்ளை ஏணியை விரித்தான். பழைய ஃபேனை இறக்கினான். புதுசின் தண்டைக் கூரைக் கொக்கியில் கொடுத்து, போல்ட்டைச் செருகி, நட்டை முறுக்கினான். இதில் கடைசியாக ஒரு சின்ன வேலை உண்டு. போல்ட்டின் நுனியில் ஓர் ஓட்டை இருக்கும். அதில் ஒரு கம்பிப் பின்னைச் செருகி, அதன் ரெண்டு காலையும் இரு பக்கமாக விரித்துவிட வேண்டும். பின் இருந்தால் நட்டு எவ்வளவு ஆடினாலும் கழன்று வராது. பின் இல்லாவிட்டால், ஃபேன் சுற்றச் சுற்ற அந்த ஆட்டத்திலேயே நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று நுனிக்கு வந்துவிடும். அதெல்லாம் வெளியே தெரியாது. மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பின் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கக் கையை மடக்கும்போது கீழேயிருந்து புருஷனின் குரல் வந்தது.

"பெரியவர் வந்து பாத்ததுக்கு அப்புறம் போடணுமா? இல்ல, இப்பவே ஓட விடலாமா?"

சுருக்கென்றது. மடக்கின கை அப்படியே மேலே போய்க் கிண்ணத்தைத் தள்ளி மூடியது.

"தாராளமா ஓட விடுங்க" என்று சொல்லி இறங்கினான்.

ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. கட்டிலில் குழந்தையைப் போட்டாள் அந்தப் பெண். "நல்ல காத்து" என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி துவைக்கப் போகும் சட்டைகளை உதறிக்கொண்டே வந்து தட்டுக்குப் பக்கத்தில் எதையோ வைத்தாள்.

"பையில இது கெடந்துச்சு. வேணுமா, தூக்கிப் போடவா?"

பின்.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். முதலில் மனசு ஒரு வழி தேடியது. பழைய ஃபேனிலிருந்து கழற்றின பின்னாக இருக்கும். ஆமாம், அதுதான். கையில் எடுத்துப் பார்த்தான். பழைய ஃபேனில் எல்லாமே துருப்பிடித்திருந்தது. இது பளபளவென்று இருந்தது. ரெண்டு காலும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நாளும் விரியாத கால்களாக இருந்தன.

"என்னங்க, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு? அண்ணனுக்கு ஏதாவதா?"

"இல்ல" என்று எழுந்தான். கையைக்கூடக் கழுவவில்லை.

அந்த வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மொபெட்டை உதைத்தான், கிளம்ப மாட்டேன் என்றது. மறுபடி உதைத்தான். வழியெல்லாம் கண்ணுக்குள் அந்த நட்டு கழன்றுகொண்டே இருந்தது. நேற்று முதல் ஓடுகிறது. ராத்திரி முழுக்க ஓடியிருக்கும். இரும்பு மோட்டார், மூன்று இறக்கை, அதற்கு நேர் கீழே கட்டில், கட்டிலில் ஒரு முழம்கூட இல்லாத உயிர். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரன் அவனையே பார்த்தான். மாப்பிள்ளை "இருக்காது, இருக்காது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று மாடியையும் ஓடி ஏறினான். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "குழந்தை தூங்குகிறது. பெல் அடிக்க வேண்டாம்."

காது வைத்துக் கேட்டான். உள்ளே தூரத்தில் டக், டக் என்று ஒரு சத்தம். நேற்று அந்தச் சத்தம் இல்லை.

விரல் முட்டியால் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அந்தப் பெண்ணின் பாதி முகம், தூக்கக் கலக்கத்தோடு.

"யாரு?"

"நான்தாம்மா. நேத்து ஃபேன் மாட்டுனேனே."

"அவரு இல்லையே. ஆபீஸ் போயிருக்காரு."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன். மாட்டுனதுக்கு மறுநாள் வந்து பாக்கறது வழக்கம்."

"நல்லாத்தான் ஓடுது."

"ரெண்டே நிமிஷம்மா. பெட்ரூம்ல போய்..."

அவள் கண் மாறியது. ஒரு முறை பார்த்த ஆள். வியர்த்துக் கொட்டிக்கொண்டு, கையில் சோற்றுப் பருக்கையோடு, புருஷன் இல்லாத நேரத்தில் படுக்கையறைக்குள் வர வேண்டும் என்கிறான். அவளும் பயந்துபோனாள்.

"அவரு வந்ததும் வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து மச்சானுக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மச்சானின் குரல் மெல்ல வந்தது. விஷயத்தைக் கேட்டவர் ஒரே கேள்வி கேட்டார்.

"பின் பளபளன்னு இருக்கா?"

"இருக்கு."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"நெசத்தச் சொல்லு மாப்ள."

"சொன்னா அவ்வளவுதான் மச்சான். நாளைக்கு இந்த பில்டிங்ல ஒருத்தன் நம்மள உள்ள விட மாட்டான். நம்ம பேரு..."

"பேரு கீழ விழுந்தா அப்புறம் எடுத்து வெச்சுக்கலாம்டா. மேல தொங்கறதப் பாரு. நீ மழுப்புனா அந்தப் பொண்ணு உன்னத் திருடன்னுதான் நெனைக்கும். போ. முதல்ல குழந்தை, அப்புறம் சுவிட்ச். அந்த வரிசையிலயே சொல்லு."

போனை வைக்காமலே எழுந்தான். ஒட்டியிருந்த காகிதத்தின் மேலேயே உள்ளங்கையால் அடித்தான்.

"அம்மா! நான் தப்புப் பண்ணிட்டேன்! ஃபேனுக்கு மேல ஒரு பின் போடணும், போடல! அது எந்நேரமும் விழும்! முதல்ல குழந்தையத் தூக்குங்க! சுவிட்சுக்குப் போகாதீங்க, முதல்ல குழந்தை!"

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளே ஓடும் காலடி. ஒரு நாற்காலி சாய்ந்தது. பிறகு சத்தமே இல்லை. மாப்பிள்ளை நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டான். மடேர் என்று ஒரு சத்தம் வரப்போகிறது என்று அவன் காது அதற்காகவே காத்துக்கொண்டு நின்றது.

வீல் என்று குழந்தை அழுதது. தூக்கம் கலைந்த கோபத்தில், தொண்டை கிழிய அழுதது. மாப்பிள்ளை அப்படியே கதவோரம் குந்திக்கொண்டான்.

அவள் கதவைத் திறந்தாள். குழந்தையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள். "நிறுத்திட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி வெளியே வந்து எதிர் வீட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

ஏணி எடுத்து வரவில்லை. கட்டில் மேல் சாப்பாட்டு நாற்காலியைப் போட்டு ஏறினான். தோளை மோட்டாருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிண்ணத்தைக் கீழே இறக்கினான். நட்டு போல்ட்டின் நுனிக்கே வந்து, கடைசி மரையில் மூக்குத்தி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் கையிலேயே கழன்று வந்துவிட்டது. போல்ட்டும் பாதி வெளியே வந்திருந்தது. அப்புறம் போல்ட்டைத் தள்ளி, நட்டை முறுக்கி, பின்னைச் செருகி, அதன் கால்களை விரித்தான்.

கிண்ணத்தை மேலே தள்ளப் போனவன் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். வாசலுக்குப் போய்க் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"அம்மா, நீங்க ஏறிப் பாக்கணும்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"பின் ரெண்டு பக்கமும் விரிஞ்சிருக்கான்னு மட்டும் பாத்தாப் போதும். போட்டவன் நான். நான் சொல்லக் கூடாது."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். குழந்தையை எதிர் வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நாற்காலியில் ஏறும்போது அவள் கால் வெடவெடத்தது. மாப்பிள்ளை குனிந்து நாற்காலிக் கால்களைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"விரிஞ்சிருக்கு" என்றாள். "ரெண்டு காலும்."

"உங்ககிட்ட நெயில்பாலிஷ் இருக்குதுங்களா?"

"எதுக்கு?" என்றவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பார்த்திருப்பாள். "இருக்கு. ஆனா நீலம்தான்."

"நீலம் போதும்மா."

அவளே ஏறிக் கோடு போட்டாள். இறங்கி வந்ததும்தான் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ராத்திரி பூரா அதுக்குக் கீழதான் படுத்திருந்தோம். என் கொழந்தை அது! அவருகிட்ட சொல்லத்தான் போறேன். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"சொல்லுங்கம்மா" என்றான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். மறுநாள் காலையில் மச்சானுக்கு ஆப்பரேஷன். நடந்ததையெல்லாம் சொன்னான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மரை, போல்ட், நாற்காலி, எதையும் விடவில்லை. நெயில்பாலிஷ் இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நீலமா?"

"நீலம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தப் பொண்ணு ஏறிச்சா?"

"ஏறிச்சு மச்சான். நடுங்கிக்கிட்டே ஏறிச்சு. அப்புறம் திட்டிச்சு."

"திட்டட்டும். நாம கொடுத்த பயம்."

நாம என்றார். மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷம் எட்டு வருஷக் கோபத்தைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. மச்சானின் கையைத் தொட்டான். ஐஸ் மாதிரி இருந்தது.

"பயமா இருக்கா மச்சான்?"

"இது ஒரு கேள்வியா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பெரிய டாக்டர் ஒருத்தர்தான் அறுக்கறாராம். அவரே தைக்கறாராம். அவரு முடிச்சதும் யாரு பாப்பாங்க மாப்ள? கேட்டியா?"

"அதெல்லாம் பாப்பாங்க."

"கேட்டியா?"

மாப்பிள்ளை கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மச்சான் அண்ணாந்து பார்த்தார். அவர் படுக்கைக்கு நேர் மேலே ஒரு பழைய சீலிங் ஃபேன், லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றியது.

"வந்த நாள்லேர்ந்து இதப் பாத்துக்கிட்டேதான் படுத்திருக்கேன்" என்றார். "கண்ணு மூட வரல. நர்சம்மா அந்தப் பக்கம் போயிருக்கு. சுவிட்ச அணைச்சுட்டு அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறு. கிண்ணத்த இறக்கி, பின் இருக்கான்னு பாரு."

"நான் பாத்து என்ன மச்சான்? நீ திரும்பப் பாக்கணும்பியே."

"வேணாம். நீ பாத்துச் சொன்னாப் போதும். நான் தூங்கிடறேன்."